காலியான கூண்டு: வளர்ப்புப் பாம்பு தப்பிச் சென்றால்

பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை தன் அறைக் கதவைத் திறக்கிறான். கண்ணாடிப் பெட்டியின் மேலே விளக்கு எரிகிறது. தண்ணீர்க் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. மரத்துகளின் மேல் ஊர்ந்த தடமும் தெரிகிறது. பாம்பை மட்டும் காணவில்லை. மூன்று நாட்களுக்கு முன்னர் கடையில் வாங்கி வந்த சோளப் பாம்புக் குஞ்சு அது; தடிப்பில் ஒரு பென்சிலை ஒத்தது. வலைமூடி மூடியபடியேதான் இருக்கிறது. ஆனால் அதன் ஒரு மூலை, சுண்டுவிரல் நுழையும் அளவு மேலெழுந்து நிற்கிறது.

இந்நிலை ரொறன்ரோவில் பாம்பு வளர்க்கும் வீடுகளில் அரிதானதன்று. புதிதாகக் கொண்டுவரப்பட்ட பாம்பு, முதல் சில இரவுகளில் தன் இருப்பிடத்தின் ஒவ்வொரு விளிம்பையும் மூக்கினால் தள்ளிப் பார்க்கும். அது உரியவரை வெறுத்து ஓடுவதாகவோ, கூண்டுக்குள் துன்புறுவதாகவோ உடனே கொள்ள வேண்டியதில்லை. அறியாத இடத்திற்கு வந்த பாம்பு மறைவிடம் தேடும். தேடும் வழியில் இடைவெளி ஒன்று அகப்பட்டால் அதன் வழியே செல்லும். ஆகவே, பாம்பு எங்கே போயிற்று என்னும் கேள்வியோடு, எவ்வழியாகப் போயிற்று என்னும் கேள்வியும் அன்றே கேட்கப்படல் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை காணாத வீட்டில், பிடிபட்ட பாம்பு மறுபடியும் தப்பும்.

தமிழ்க் குடும்பங்களில் இவ்விடயம் சற்றுக் கூடுதலான சங்கடத்தைத் தருகிறது. வேலியோரத்துச் சாரையையும் வயல்வரப்பின் விரியனையும் கண்டு வளர்ந்த தலைமுறைக்குப் பாம்பு என்பது அஞ்சி விலக வேண்டியது, அல்லது நயினாதீவில் போல வணங்க வேண்டியது. படுக்கையறையில் விளக்குப் போட்டு வளர்க்கும் பிராணியாக அதனை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பதைத் தடுக்கிறது. இங்கு நிலைமை வேறு. ரொறன்ரோ மாநகரச் சட்டக்கோவையின் 349ஆம் அத்தியாயம் நச்சுப் பாம்புகள் அனைத்தையும், முழு வளர்ச்சியில் 3 மீற்றரைக் கடக்கும் இனங்களையும் தடை செய்கிறது. சோளப் பாம்பு, போல் பைதன் எனப்படும் பந்து மலைப்பாம்பு போன்ற சிறிய, நஞ்சற்ற இனங்களை வளர்க்கத் தடையில்லை. இவ்விரண்டும் வளர்ந்த பின்னரும் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் நீளமே இருக்கும். கடையில் குட்டியாகக் காணப்படுவதால் பர்மிய மலைப்பாம்பையோ, வலைக்கோல மலைப்பாம்பையோ வாங்கிவிடலாகாது. சட்டம் பார்ப்பது குட்டியின் அளவையன்று, அவ்வினம் எட்டக்கூடிய அளவையே.

இளையோர் வளர்க்க விரும்புவதும் மூத்தோர் அஞ்சுவதும் ஒரே வீட்டில் நிகழ்வதால், பாம்பு காணாமற்போன செய்தியைப் பிள்ளைகள் மறைத்துவிடுவதுண்டு. அம்மம்மா அறிந்தால் வீட்டை விட்டே போய்விடுவார், அப்பா இனி எதையும் வளர்க்க விடமாட்டார் என்னும் அச்சம் இயல்பானதே. ஆயினும் மறைக்கப்படும் ஒவ்வொரு மணி நேரத்திலும் கதவுகள் திறந்து மூடப்படுகின்றன, துணிகள் உலர்த்திக்குள் போடப்படுகின்றன, பாம்பு தொலைவுக்குச் செல்கிறது. பிள்ளை அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய வீடாக இருப்பதே, பாம்பு உயிரோடு கிடைப்பதற்கான முதல் வாய்ப்பு.

பாம்பின் உடலமைப்பை அறிந்தால் கூண்டில் எதைக் கவனிப்பது என்பது விளங்கும். அதற்குத் தோள் எலும்பில்லை. பெரும்பாலான இனங்களுக்கு இடுப்பெலும்பும் இல்லை. எனவே தலை நுழையும் இடைவெளியில், அண்மையில் பெரிய இரை உண்டிராத பாம்பின் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். அதன் உடல் முழுதும் தசை. தலையால் ஒரு மூடியை ஒருமுறை தள்ளி அசையாவிட்டால் நிறுத்திவிடுவதில்லை. இரவு முழுவதும், அடுத்த இரவும், அதே மூலையில் தள்ளிக்கொண்டிருக்கும். மீன் தொட்டிக்கெனச் செய்த மூடிகள் இத்தகைய தள்ளுதலைத் தாங்கச் செய்யப்பட்டவையல்ல. மேலே இரண்டு புத்தகங்களை வைப்பது பலர் வீட்டில் காணப்படும் வழக்கம். புத்தகம் நழுவும், அல்லது அதன் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபக்கத்தில் இடைவெளி உண்டாகும்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்னும் ஊரில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளிலிருந்தும் மருந்துக்கான நஞ்சு எடுக்கப்படுகிறது. சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, பின்னர் காட்டில் விட்டுவிடுகின்றனர். அதுவரை அப்பாம்புகள் இருப்பது விலையுயர்ந்த கண்ணாடிப் பெட்டிகளில் அன்று, சாதாரண மண்பானைகளில். பானையின் வாயில் துணியைப் பரப்பிக் கழுத்தைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகின்றனர். துணி காற்றை உள்ளே விடும், பாம்பை வெளியே விடாது. வாய் ஒன்றே, கட்டும் ஒன்றே. கட்டப்பட்டதா இல்லையா என்பதை நின்ற இடத்திலிருந்தே காணலாம். விலை கொடுத்து வாங்கும் கூண்டை மதிப்பிடவும் இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. திறப்புகள் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பூட்டப்பட வேண்டும். பூட்டியிருப்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

நவீனக் கூண்டுகளிலோ திறப்புகள் பலவாக இருக்கின்றன. மேல்மூடி உடையவற்றில் நான்கு மூலைகளிலும் கொக்கி தேவை. இரண்டு பக்கம் மட்டும் கொக்கியிட்டால் நடுவே வலை வளைந்து கொடுக்கும். முன்பக்கம் திறக்கும் கூண்டுகளில் கண்ணாடிக் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது, அவற்றிற்கு இடையே மெல்லிய சந்து எஞ்சும். வளர்ந்த பாம்புக்கு அது ஒன்றுமில்லை. குஞ்சுக்கு அது வாசல். மின்கம்பி நுழைவதற்கான துளை, பின்சுவரின் காற்றுத் துளை, வெப்பமானியின் கம்பிக்காக உரிமையாளரே வெட்டிய சிறு ஓட்டை ஆகியவையே பெரும்பாலும் மறக்கப்படுபவை. கூண்டைப் பாம்பு வருவதற்கு முன்னரே அமைத்து, இருட்டறையில் உள்ளே கைவிளக்கு ஒன்றை எரியவிட்டு வெளியே நின்று பார்த்தால், ஒளி கசியும் இடமெல்லாம் தெரிந்துவிடும். கசியும் இடங்களில் குஞ்சின் தலையைவிட அகலமான எதனையும் உலோக வலையால் அல்லது உரிய அடைப்பானால் மூட வேண்டும். ஒட்டும் நாடாவைக் கூண்டுக்குள் ஒட்டலாகாது. அது பாம்பின் செதில்களில் பற்றிக்கொள்ளும். பிரிக்கும்போது தோல் கிழியும்.

இவ்வளவு நுணுக்கம் தேவைதானா என்று எண்ணுவோர், நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் காம்பெல்ற்றன் நகரில் 2013 ஓகஸ்ட் 5ஆம் நாள் நிகழ்ந்ததை அறிந்திருத்தல் நன்று. ஊர்வனக் கடை ஒன்றின் மேல்மாடி வீட்டில், 4, 6 வயதுடைய சகோதரர் இருவர் நண்பனோடு இரவு தங்கியிருந்தனர். அதே வீட்டில் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஒன்று கண்ணாடிக் கூண்டில் வைக்கப்பட்டிருந்தது. கூண்டின் மேற்பகுதியிலிருந்த காற்றுக் குழாய்க்குள் அது நுழைந்து, கூரையின் உட்புறமாகச் சென்று, பிள்ளைகள் உறங்கிய அறைக்குள் விழுந்தது. சகோதரர் இருவரும் உயிரிழந்தனர். அக்குழாயின் வாயை அடைத்திருக்க வேண்டிய மூடி அதன் இடத்தில் இருக்கவில்லை. பாம்பின் உரிமையாளர் குற்றவியல் அலட்சியக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டு 2016 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். சோளப் பாம்பையும் இம்மலைப்பாம்பையும் ஒன்றாக வைத்து அஞ்ச வேண்டியதில்லை. சிறு இனங்களால் மனிதருக்கு இத்தகைய ஆபத்து நேர்வதில்லை. ஆனால் அவ்வளவு பெரிய உடல், எவரும் வழியென்று கருதாத ஒரு குழாய்க்குள் நுழைய முடிந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இடைவெளியின் அளவை மனிதர் கண்ணால் மதிப்பிடும்போது பெரும்பாலும் பாம்பைத் தடிப்பாகவும் துளையைச் சிறிதாகவுமே கணிக்கின்றனர்.

பூட்டு மட்டும் போதாது. பாம்பு வெளியேற முயலும் காரணத்தையும் குறைத்தல் வேண்டும். வெப்பம் தவறியிருந்தால் அது அமைதியற்று அலையும். பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் ஒரு முனை 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையும், மறுமுனை 25 முதல் 27 பாகை வரையும் இருப்பது ஏற்றது. சோளப் பாம்புக்கு இரு முனைகளும் இவற்றிலும் சில பாகை குறைவாக இருக்கலாம். வெப்பத்தட்டைத் தெர்மோஸ்டாற் இன்றி நேரே மின்னிணைப்பில் போடுவது பாம்பைச் சுட்டுவிடும். ஒவ்வொரு முனையிலும் உடல் சுவரோடு உரசும் அளவு இறுக்கமான மறைவிடம் ஒன்று வேண்டும். பெரிய, வெறுமையான, பளிச்சென்ற கூண்டு மனிதர் கண்ணுக்குத் தாராளமாகத் தோன்றும். குஞ்சுக்கு அது வெட்டவெளி. முதல் வாரம் அதனைக் கையில் எடுக்காமல், நண்பர்களை அழைத்துக் காட்டாமல் விட்டுவிடுவதே நல்லது. இது பிள்ளைகளுக்கு மிகக் கடினமான விதி என்பதில் ஐயமில்லை.

இத்தனைக்கும் பின்னர் பாம்பு தப்பிவிட்டால், முதலில் செய்ய வேண்டியது தேடுவதன்று, மூடுவதே. அறைக் கதவை மூடி, கீழ்ச்சந்தில் துவாயைச் சுருட்டித் திணித்து, பூனையையும் நாயையும் வேறோர் அறையில் அடைக்க வேண்டும். ரொறன்ரோ வீடுகளில் தரையிலும் சுவரிலும் உள்ள சூடாக்கிக் காற்றுவாய்களே பாம்புக்கு மிக எளிய சுரங்கம். அவற்றின் மேல் மெல்லிய உலோக வலையைப் பொருத்தலாம். துணி உலர்த்தி, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றை உள்ளே கைவிளக்கால் பார்க்காமல் இயக்கலாகாது. சாய்வு நாற்காலியை மடக்கவோ விரிக்கவோ கூடாது; அதன் இரும்புச் சட்டத்துக்கிடையே நசுங்கி மடிந்த பாம்புகள் உண்டு.

பின்னர் கூண்டிலிருந்து தொடங்கி வெளிநோக்கித் தேட வேண்டும். கூண்டு நிற்கும் மேசையின் அடிப்புறம், இழுப்பறையின் பின்புறம், புத்தக வரிசையின் பின்னால், சப்பாத்துக்குள், மெத்தையின் தையல் மடிப்பில், சோபாவின் அடித்துணி கிழிந்த இடத்தில். முதல் நாளில் பாம்பு நெடுந்தூரம் செல்வது குறைவு. 2011 மார்ச்சில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் விலங்கியற் பூங்காவில், ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் நீளமுள்ள இளம் எகிப்திய நாகம் ஒன்று தன் கூண்டிலிருந்து மறைந்தது. அது நகரெங்கும் திரிவதாக மக்கள் வேடிக்கைக் கதைகள் புனைந்துகொண்டிருந்தனர். ஊழியரோ ஊர்வனக் கட்டடத்தை மூடிவிட்டுக் காத்திருந்தனர். சுமார் ஒரு வாரத்தில், அதே கட்டடத்தின் இருண்ட மூலை ஒன்றிலேயே அது சுருண்டு கிடக்கக் காணப்பட்டது.

பகலில் கிடைக்காத பாம்பு இரவில் கிடைக்கலாம். வளர்ப்புப் பாம்புகளிற் பெரும்பாலானவை இருள் வந்தபின் நடமாடுபவை. வீட்டு விளக்குகளை அணைத்து, சுவரோரமாக மெல்லிய பிளாஸ்ரிக் பைகளைக் கசக்கிப் போட்டுவைத்தால், அவற்றின் மேல் ஊரும்போது சரசரப்புக் கேட்கும். கதவு நிலைகளில் மெல்லிதாக மாவைத் தூவிவைத்தால் காலையில் தடம் தெரியும். எந்த அறைக்குள் சென்றது என்றாவது அறியலாம். அறையின் ஒரு மூலையில் தெர்மோஸ்டாற் பொருத்திய வெப்பத்தட்டின் மேல் மறைவிடம் ஒன்றும் தண்ணீரும் வைத்தால், குளிர்ந்த வீட்டில் அது தானே அங்கு வந்து சேர்வதுண்டு. எலிக்கு வைக்கும் பசைப்பலகையை இதற்குப் பயன்படுத்துவது கொடுமை. தவறிப்போய் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தடவிப் பசையை இளக்கி விடுவிக்க வேண்டும். ஒரு வாரம் கடந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நலமான பாம்பு வாரக்கணக்கில் உணவின்றி இருக்கும். பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் இரையை மறுப்பதும் வளர்ப்போர் அறிந்ததே.

அயலவருக்கு அறிவிப்பதே பலர் தயங்கும் படி. ஸ்காபரோவிலும் வேறிடங்களிலும் மேல்மாடியில் உரிமையாளரும் நிலவறையில் வாடகைக் குடும்பமும் வாழும் வீடுகள் பல. அடுக்குமாடிகளில் குழாய்கள் சுவருக்குச் சுவர் தொடர்கின்றன. பக்கத்து வீட்டுக் குளியலறையில் முன்னறிவிப்பின்றிப் பாம்பைக் காண்பவர் அதனை அடித்துவிடுவார். அதற்காக அவரைக் குறை கூறவும் முடியாது. இனம், நிறம், நீளம், நஞ்சற்றது என்னும் செய்தி, தொலைபேசி இலக்கம், இயன்றால் ஒரு நிழற்படம் ஆகியவற்றைக் கொண்ட சிறு தாளை முன்கூட்டியே கொடுத்திருந்தால், அதே மனிதர் கதவை மூடிவிட்டு அழைப்பார். 311 என்னும் மாநகர இலக்கத்தை அழைத்து விலங்குச் சேவைப் பிரிவில் பதிந்துவைத்தலும் நன்று. தமிழில் பேச விரும்புவோர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வேறெவரோ கண்டெடுத்த பாம்பு அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கவும் கூடும்.

வாடகைக் குடியிருப்பாளரின் மௌனத்துக்கு இன்னொரு காரணம், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்னும் அச்சம். ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வளர்ப்புப் பிராணி கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படும் விதி செல்லாது. ஆயினும் பிராணி பிறருக்கு ஆபத்தையோ பெரும் இடையூறையோ விளைவித்தால், உரிமையாளர் வாடகைத் தீர்ப்பாயத்தை நாடலாம். கொண்டோமினியங்களின் சொந்த விதிகளுக்கோ இப்பிரிவு தடையன்று. வாங்குமுன் அவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும். சட்டம் காக்கும் எல்லை எதுவென்பதற்கு இந்நகரிலேயே முன்னிகழ்வு உண்டு. 2006இல் ரொறன்ரோவின் வாடகை வீடொன்றில் வளர்க்கப்பட்ட எகிப்திய நாகம் தப்பியது. அவ்வீட்டில் வாழ்ந்தோர் மாதக்கணக்கில் வெளியே தங்க நேர்ந்தது; தடைசெய்யப்பட்ட அப்பாம்பை வைத்திருந்தவர் சிறைத்தண்டனை பெற்றார்.

தோட்டத்தில் காணப்படும் பாம்பெல்லாம் தப்பிய பாம்பன்று. ரூஜ் பள்ளத்தாக்கிலும் டொன் ஆற்றோரத்திலும் கோடையில் தென்படும், முதுகில் மஞ்சட் கோடுகளுடைய கார்ற்றர் பாம்பு இம்மண்ணுக்குரியது. மில்க் பாம்பு என்னும் உள்ளூர் இனத்தின் செம்பழுப்புத் திட்டுகள் சோளப் பாம்பை ஓரளவு ஒத்திருப்பதால், இரண்டும் மாறிக் கொள்ளப்படுவதுண்டு. ஒன்ராறியோவின் ஒரே நச்சுப் பாம்பான மசாசோகா ரொறன்ரோவில் வாழ்வதில்லை. ஆகவே தோட்டத்துப் பாம்பை அடிக்காமலும் பிடிக்காமலும் விட்டுவிடுவதே முறை. அதேபோல், வளர்க்க இயலாமற்போன பாம்பைப் பூங்காவில் விடுவதும் கூடாது. வெப்பநாட்டுப் பாம்பு இங்குள்ள குளிரில் இறந்துபோகும். குளிர் குறைந்த புளோரிடாவில் விளைவு வேறாயிற்று. வளர்ப்போரிடமிருந்து வெளிவந்த பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்குள்ள சிறு பாலூட்டிகளைப் பேரளவில் அழித்துவிட்டன. அவற்றைப் பிடிக்க 2017இல் தமிழ்நாட்டிலிருந்து அழைக்கப்பட்டவர்கள் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். பின்னர் 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. வளர்க்க இயலாத பாம்பை ஸ்காபரோவின் புரோகிரஸ் அவெனியூவில் உள்ளது போன்ற மாநகர விலங்குக் காப்பகத்தில் ஒப்படைப்பது பற்றியும் 311இல் விசாரிக்கலாம்.

தப்பிய பாம்பு சமையலறையில் ஊர்ந்திருக்கக்கூடும் என்றால் சால்மொனெல்லா கிருமியை நினைவிற்கொள்ள வேண்டும். நலமாகத் தோன்றும் ஊர்வனவும் அதனைச் சுமந்திருக்கும். உணவு தயாரிக்கும் மேடைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக் கிருமிநீக்கியால் துடைக்க வேண்டும். பாம்பின் இரைக்கென வாங்கி உறையவைத்த எலிகளிலும் அக்கிருமி உயிரோடிருக்கும். எனவே அவற்றை மனிதர் உணவுள்ள உறைபெட்டியில் வைக்கலாகாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளோ, கர்ப்பிணிகளோ, முதியோரோ, நோயெதிர்ப்பாற்றல் குன்றியோரோ உள்ள வீட்டில் பாம்பு வளர்ப்பதையே மறுபரிசீலனை செய்தல் நன்று. மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் தமிழ் வீடுகளிற் பல இவ்வரையறைக்குள் வரும்.

பாம்பு கிடைத்துவிட்டால் அதனைத் திடீரெனப் பற்றிப் பிடிக்காமல், உடலின் நடுப்பகுதியில் இரு கைகளாலும் தாங்கி எடுக்க வேண்டும். பழைய கூண்டுக்குள் உடனே விடாமல், காற்றுத் துளைகளும் இறுகப் பூட்டும் மூடியும் உடைய பிளாஸ்ரிக் பெட்டியில் தண்ணீரோடு வைத்து, காயமோ தோலில் சுருக்கமோ உண்டா என்று பார்க்கலாம். காயமிருந்தால் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாச் சிகிச்சை நிலையங்களும் பாம்பை ஏற்பதில்லையாதலால் முன்னரே கேட்டறிதல் வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தது என்று பெரிய இரையைக் கொடுக்கலாகாது. இரண்டொரு நாள் தண்ணீரும் வெப்பமும் பெற்றபின் வழக்கத்தைவிடச் சிறிய இரை போதும். அதற்குள் அந்த மேலெழுந்த மூலைக்குக் கொக்கி வாங்கிப் பொருத்த நேரம் கிடைக்கும். அறிவிப்புத் தாள் பெற்ற அயலவர் ஒவ்வொருவரிடமும் பாம்பு கிடைத்துவிட்டது என்று நேரிற் சென்று சொல்வதற்கும் அந்த இரண்டு நாட்கள் உதவும்.